எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் போன 9 வயதுப் பையன்: உணவுக்குழாயில் ஹெர்பீஸ்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. பெரிய நோய் எதுவும் வந்ததில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது தோலில் கரப்பான் இருந்தது, மழைக்காலத்தில் கொஞ்சம் மூச்சு இளைப்பு வரும், அவ்வளவுதான். போன வாரம் 3 நாள் காய்ச்சல் அடித்தது. பிறகு திடீரென்று எதையும் விழுங்க முடியவில்லை. எச்சிலைக்கூடத் துப்பினான், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் குறையவில்லை. எண்டோஸ்கோப்பி செய்து பார்த்துவிட்டு உணவுக்குழாயில் நிறையப் புண், ஹெர்பீஸ் வைரஸ் என்றார்கள். எச்ஐவி பரிசோதனையும் செய்தார்கள், இல்லை என்று வந்தது. இப்போது டிரிப்ஸில் மருந்து ஏறுகிறது, தேறிவருகிறான். இந்த வயதில் இது எப்படி வந்தது? அவனுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லையா? மறுபடி வருமா? அவன் எப்போதுமே மெதுவாகத்தான் சாப்பிடுவான், ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் கேட்பான், அதனால் முதல் நாள் நாங்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பதில்:

முதலில் உங்களைத் தூங்கவிடாத கேள்விக்கு வருகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகன் எதிர்ப்புச் சக்தி இல்லாத பிள்ளையாகத் தெரியவில்லை. இந்த நோய் ஆரோக்கியமான பிள்ளைகளுக்கும் வரும். அபூர்வம்தான். ஆனால் குழந்தைகளின் குடல் நோய்களைப் பார்க்கும் எந்த மருத்துவரும் வேலைக்காலத்தில் ஒரு சிலரையாவது பார்த்திருப்பார். அந்தப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் ஒன்றிரண்டு வாரத்தில் தழும்புகூட இல்லாமல் குணமாகிப் பள்ளிக்கூடம் போய்விடுகிறார்கள்.

இதைத் தைரியமாகச் சொல்லிவிட்டு, உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்குத் திரும்பி வருவேன். நீங்கள் சும்மா சொல்லிவிட்டுப் போன அந்த வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

ஹெர்பீஸ் என்ற பெயரைக் கேட்டதும் உறவுக்காரர்கள் முகம் மாறியிருக்கும், உங்களுக்கும் சங்கடமாக இருந்திருக்கும். அந்தப் பெயரை நாம் பாலியல் நோய் என்றே கேட்டுப் பழகிவிட்டோம். இந்தக் குடும்பத்தில் பல வைரஸ்கள் உண்டு. அம்மை போட்டுவிட்டுப் போய், வயதான பிறகு அக்கியாக எழும்புகிறதே, அதுவும் இந்தக் குடும்பம்தான். உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகளின் உணவுக்குழாயில் அநேகமாக எப்போதும் காணப்படுவது ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் முதல் வகை. காய்ச்சல் விட்டதும் உதட்டோரத்தில் கொத்தாகச் சின்னச் சின்னக் கொப்புளம் வந்து, உடைந்து, பொருக்குத் தட்டுமே, சூட்டுக் கொப்புளம் என்று நாம் விட்டுவிடுவோமே, அதை உண்டாக்குகிற அதே கிருமி. உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 380 கோடிப் பேரிடம், அதாவது நூற்றுக்கு 64 பேரிடம், இந்த முதல் வகை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. உங்கள் வீட்டில் 4 பெரியவர்கள் இருந்தால் 2 பேரிடமாவது இருக்க வாய்ப்பு அதிகம்.

அது பரவுவது எச்சிலில். முத்தம், ஒரே டம்ளர், கடித்துக் கொடுத்த மாம்பழத் துண்டு. கொடுத்தவர் உதட்டில் அன்றைக்குப் புண் இருந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. புண் எதுவும் இல்லாத நாளிலும் எச்சிலில் வைரஸ் அவ்வப்போது வந்து போகும். ஆகவே பாட்டியா, சித்தியா, பள்ளியில் பக்கத்தில் உட்காரும் பையனா என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். கண்டுபிடிக்கவும் முடியாது, கண்டுபிடித்தும் ஆகப்போவது ஒன்றுமில்லை. பாட்டி இதை நினைத்து மனம் கலங்கிக்கொண்டிருந்தால், அவரிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த வைரஸின் முதல் சந்திப்பு எந்த அறிகுறியும் இல்லாமலே கடந்துவிடும். சிலருக்கு, பெரும்பாலும் 5 வயதுக்குள், ஈறு வீங்கிச் சிவந்து வாய் முழுக்கப் புண்ணாகும். மிகச் சிலருக்குத்தான் வாயைத் தாண்டி உணவுக்குழாயில் போய் உட்காருகிறது. விழுங்கும் எச்சிலோடு கீழே இறங்குவது ஒரு வழி. இன்னொரு வழியும் உண்டு. இந்த வைரஸ் ஒருமுறை உள்ளே வந்தால் நரம்பு முடிச்சுகளில் ஒளிந்து வாழ்நாள் முழுக்கத் தங்கும். முகத்து நரம்பில் தங்கியது எழும்பினால் உதட்டில் கொப்புளம். உணவுக்குழாய்க்குப் போகும் வேகஸ் நரம்பின் முடிச்சிலும் அது தங்கும் என்பது தெரிந்திருக்கிறது. அங்கிருந்து எழும்பினால் உணவுக்குழாயில் புண் வரலாம். வாயில் ஒரு புண்கூட இல்லாமல் உணவுக்குழாய் மட்டும் ரணமாகிப் போவது இதனால் ஆச்சரியமில்லை. சொல்லப்போனால் இந்த நோய் வந்த பிள்ளைகளில் வாய்ப்புண்ணோ உதட்டுக் கொப்புளமோ இருப்பவர்கள் குறைவுதான். வாய் சுத்தமாக இருக்கிறது என்று முதலில் பார்த்த மருத்துவர் வேறு திசையில் யோசித்திருந்தால் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஏன் உணவுக்குழாய், ஏன் இரைப்பை இல்லை? உதடு, வாய், தொண்டை, உணவுக்குழாய் எல்லாவற்றின் உள்தோலும் ஒரே ஜாதி. அடுக்கடுக்காகத் தட்டை செல்கள் அடுக்கிய தோல். இந்த வைரஸுக்குப் பிடித்த இடம் அதுதான். இரைப்பையின் வாசலில் அந்தத் தோல் முடிந்து வேறு வகை உள்தோல் தொடங்குகிறது. புண்களும் பெரும்பாலும் அந்த எல்லையோடு நின்றுவிடும்.

இப்போது முதல் சில நாள்களைப் பற்றி. இதை வாசிக்கும் மற்ற அப்பா அம்மாக்களுக்கும் உதவும் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

டான்சில் வீங்கிய பிள்ளையிடம் "எங்கடா வலிக்குது?" என்று கேட்டால் கழுத்தைத் தொட்டுக் காட்டும். உணவுக்குழாயில் புண் உள்ள பிள்ளை உள்ளங்கையை விரித்து நெஞ்செலும்பின் மேல் வைக்கும். ஒரு டம்ளர் மோர் கொடுத்துப் பாருங்கள். தாகம் இருக்கும், வாங்கிக்கொள்ளும். ஒரு மிடறு வாயில் வாங்கி, விழுங்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, தைரியம் வரவழைத்து விழுங்கும். தொண்டையைத் தாண்டியதும் ஒன்றும் தெரியாது. ஓரிரு விநாடி கழித்து, அந்த மிடறு நெஞ்சுக்குள் இறங்கும் நேரத்தில், முகம் கோணும், கண்ணில் நீர் முட்டும், கை நெஞ்சுக்குப் போகும். டம்ளரை உங்களிடமே நீட்டிவிடும். தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்தால் லேசான சிவப்புதான். வலி இவ்வளவு, பார்வைக்குத் தெரிவது இவ்வளவே என்ற அந்தப் பொருத்தமின்மைதான் துப்பு. காய்ச்சல், திடீரென்று விழுங்க முடியாத வலி, நடு நெஞ்சில் வலி, இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் புண் இருக்கிறது என்று எண்ண வேண்டும். ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாததும் இயல்பே, அது பாக்டீரியாவுக்கான மருந்து.

ஆனால் விழுங்க மறுக்கும் பிள்ளையைப் பார்த்ததும் வைரஸ் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அவசரமாக விலக்க வேண்டியது பட்டன் பேட்டரி. ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கும் காசு போன்ற அந்தப் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே சுவரைப் பொசுக்கத் தொடங்கிவிடும். சிறு குழந்தை திடீரென்று எச்சில் வடித்து, எதையும் விழுங்க மறுத்தால், காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுவது நல்லது. குளியலறை ஆசிட்டையோ சாக்கடை அடைப்பு நீக்கும் தூளையோ குழந்தை தொட்டிருக்குமா என்றும் யோசிக்க வேண்டும். எச்சில் வடிவதோடு மூச்சு இரைச்சலும் சேர்ந்து, குழந்தை முன்னால் சாய்ந்து உட்கார்ந்தே மூச்சு விடுகிறது என்றால் அது வேறு ஆபத்து, வாயைத் திறந்து பார்க்கக்கூட முயலாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பெரிய பிள்ளைகளில் மாத்திரைப் புண் உண்டு. முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின் சாப்பிடுபவர்கள் படுக்கப்போகும்போது தண்ணீர் இல்லாமல் விழுங்கிவிட்டுப் படுத்தால் மாத்திரை நடுவழியில் ஒட்டிக்கொண்டு அந்த இடத்தைப் புண்ணாக்கிவிடும். கை, கால், வாய் நோய் என்றால் தொண்டையின் பின்பக்கத்திலும் உள்ளங்கையிலும் பாதத்திலும் கொப்புளம் தெரியும், பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானே அடங்கும்.

உங்கள் மகனுக்கு மயக்கம் கொடுத்து எண்டோஸ்கோப்பி செய்தார்கள் அல்லவா? பெற்றோர் பலர் அதை நினைத்துப் பயப்படுவார்கள், "இது அவசியமா" என்று கேட்பார்கள். குடிப்பதை நிறுத்திவிட்ட, வலி குறையாத பிள்ளைக்கு அவசியம் என்றே சொல்வேன். ஊகத்தில் மருந்து கொடுத்துக்கொண்டே போவதைவிடப் பார்த்துவிடுவது மேல். உள்ளே தெரிவது இப்படித்தான் இருக்கும்: மேல்பகுதியில் வழக்கமான இளஞ்சிவப்பு. நடுப்பகுதியைத் தாண்டியதும் சின்னச் சின்ன வட்டப் புண்கள். முதல் தூறல் விழுந்த மணலில் குழி குழியாக, விளிம்பு மட்டும் சற்றே எழும்பி நிற்குமே, அப்படி. குழியின் அடியில் மஞ்சள் கலந்த வெள்ளைப் படலம். ஆரம்பத்தில் குழிகளுக்கு நடுவே நல்ல தோல் தெரியும். நாளாக ஆக அவை ஒன்றோடொன்று கலந்து, கருவி பட்டாலே கசியும் ரணமாகிவிடும். அமிலம் மேலேறி வரும் புண் வழக்கமாகக் கீழிருந்து தொடங்கும். காளான் தொற்று என்றால் தயிர்த் திட்டு ஒட்டியதுபோல் வெள்ளை அப்பியிருக்கும். அனுபவமுள்ள கண்ணுக்கு இவை வேறு வேறாகத் தெரியும், இருந்தாலும் பார்வை மட்டும் போதாது. சதைத் துணுக்கு எடுத்து உறுதிசெய்ய வேண்டும்.

துணுக்கை எங்கே எடுப்பது என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. இந்த வைரஸ் தோல் செல்லுக்குள் வாழ்வது. புண்ணின் நடுவில் தோலே அழிந்து போயிருக்கும், அங்கே எடுத்தால் கிடைக்காமல் போகலாம். எழும்பி நிற்கும் விளிம்பில் எடுக்க வேண்டும். சைட்டோமெகலோ என்ற இன்னொரு வைரஸ் இதற்கு நேர்மாறு, புண்ணின் அடியில்தான் அகப்படும். அது ஆரோக்கியமான பிள்ளைகளின் உணவுக்குழாயில் வருவது மிக மிக அரிது. விளிம்பில் எடுத்த துணுக்கை நுண்ணோக்கியில் வைத்தால், ஒரே செல்லுக்குள் பல உட்கருக்கள், மாதுளை முத்துகள்போல ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு தெரியும். ஒவ்வொன்றும் தேய்த்த கண்ணாடிபோல மங்கலாக இருக்கும். அதே துணுக்கில் பிசிஆர் செய்தால் எந்த வைரஸ் என்று பெயரே வந்துவிடும். உங்கள் அறிக்கையில் இவை இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ரத்தத்தில் ஹெர்பீஸ் ஆன்டிபாடி பார்த்துச் சொல்வது இதற்கு அவ்வளவாக உதவாது. இத்தனை கோடிப் பேரிடம் இருக்கும் ஒன்று அவனிடமும் இருக்கிறது என்பதைத்தான் பெரும்பாலும் அது சொல்லும்.

டிரிப்ஸில் ஏறுவது அசைக்ளோவிர். அழகான மருந்து அது. உடம்புக்குள் போகும்போது உறங்கும் நிலையில்தான் போகிறது. ஹெர்பீஸ் வைரஸ் தன் தேவைக்கு உண்டாக்கும் ஒரு நொதியே அதைத் தட்டி எழுப்புகிறது, எழுந்த மருந்து வைரஸ் பெருகுவதைத் தடுக்கிறது. வைரஸ் இல்லாத செல்லில் அது பெரிதாக எழும்பாது, அதனால் நல்ல செல்களுக்குச் சேதம் குறைவு. இதற்கு வழிவகுத்த ஆய்வுகளை நடத்திய ஜெர்ட்ரூட் எலியனுக்கு 1988இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு, ஜார்ஜ் ஹிச்சிங்ஸ், ஜேம்ஸ் பிளாக் ஆகியோரோடு சேர்த்து, கிடைத்தது.

எதிர்ப்புச் சக்தி சரியாக இருக்கும் பிள்ளைக்கு இந்த மருந்து இல்லாமலும் புண் ஆறும் என்பது உண்மை. அப்படி ஆறியவர்கள் உண்டு. ஆனால் குடிக்கக்கூட முடியாமல் கிடக்கும் பிள்ளைக்கு நான் மருந்தைத் தள்ளிப்போட மாட்டேன். சீக்கிரம் தொடங்கினால் வலி இருக்கும் நாள்கள் குறைகின்றன என்பதே பொதுவான அனுபவம். எடைக்கு ஏற்ற அளவில் 8 மணி நேரத்துக்கு ஒரு தடவை ஏற்றுவார்கள். மெதுவாக, சுமார் ஒரு மணி நேரம் எடுத்து ஏற்ற வேண்டும், உடம்பில் நீர்ச்சத்தும் போதுமான அளவு இருக்க வேண்டும். இல்லையென்றால் மருந்து சிறுநீரகத்தில் படிகமாகப் படியும். ஒரு பாட்டில் முடிய ஏன் இவ்வளவு நேரம், ஏன் கூடவே வெறும் டிரிப்ஸ் என்று நீங்கள் யோசித்திருந்தால் காரணம் இதுதான். வாய்வழி குடிக்கத் தொடங்கியதும் சிரப்புக்கோ மாத்திரைக்கோ மாற்றி, எல்லாம் சேர்த்து ஒன்றிலிருந்து இரண்டு வாரம் கொடுப்பது வழக்கம். கூடவே அமிலத்தைக் குறைக்க ஒமிப்ரசோல் போன்ற மருந்தும் எழுதியிருப்பார்கள். அதைப் பற்றிக் கீழே ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது, மறந்துவிடாதீர்கள்.

வலிக்கு பாராசிட்டமால் போதும். இப்யூபுரோஃபென் வேண்டாம். அது உணவுக்குழாயையும் உறுத்தும், நீர்ச்சத்து குறைந்த உடம்பில் அசைக்ளோவிரோடு சேர்ந்து சிறுநீரகத்துக்கும் சுமை. ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு எந்த வைரஸ் காய்ச்சலிலும் கொடுக்கக் கூடாது. மரத்துப்போகச் செய்யும் ஜெல், திரவம் எதையும் நீங்களாகக் கடையில் வாங்கிப் புகட்ட வேண்டாம், சின்னப் பிள்ளைகளுக்கு அளவு மீறினால் வலிப்புகூட வரும்.

சாப்பாடு? ஆறின கஞ்சி, குழைந்த தயிர்சாதம், இளநீர், ஐஸ்கிரீம். சூடு, காரம், புளி மூன்றும் தள்ளிவையுங்கள். உடம்புக்கு நல்லது என்று மிளகு ரசம் கொடுக்கத் தோன்றும், இந்த ஒன்றிரண்டு வாரத்துக்கு வேண்டாம். எலுமிச்சைச் சாறும் தக்காளியும் அப்படியே. ஒரே நேரத்தில் ஒரு டம்ளர் குடிக்க வைப்பதைவிட 5 நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன் ஓஆர்எஸ் கரைசல் உள்ளே போனாலே போதும். இரண்டு நாள் சாதம் இறங்காவிட்டால் பரவாயில்லை, தண்ணீர் இறங்காமல் இருக்கக் கூடாது. 8 மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, நாக்கு வறண்டு சோர்ந்து கிடக்கிறான் என்றால் வீட்டில் வைத்திருக்காதீர்கள். ரத்த வாந்தி, தார்போல் கறுப்பாக மலம், திடீரென்று தாங்க முடியாத நெஞ்சுவலியோடு மூச்சுத் திணறல், கழுத்துத் தோலுக்கடியில் காற்றுப் புகுந்தது போன்ற வீக்கம், இவற்றில் எது வந்தாலும் நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டும். ரத்தக் கசிவும், உணவுக்குழாயில் ஓட்டை விழுவதும் இந்த நோயில் அரிது, ஆனால் நடந்திருக்கின்றன.

எச்ஐவி பரிசோதனை செய்தது உங்களைப் புண்படுத்தியிருக்கலாம். அதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உணவுக்குழாயில் இந்த வைரஸ் வழக்கமாகக் காணப்படுவது உறுப்பு மாற்று சிகிச்சை செய்தவர்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுபவர்கள், எச்ஐவி உள்ளவர்கள் ஆகியோரிடம். எந்த மருத்துவரும் ஒருமுறை அந்தக் கதவைத் தட்டிப் பார்த்தாக வேண்டும். நானும் செய்திருப்பேன். அதோடு ரத்த அணுக்களின் எண்ணிக்கை, குறிப்பாக லிம்போசைட் என்ற வெள்ளை அணு, பார்த்திருப்பார்கள்.

அதைத் தாண்டிப் பெரிய பெரிய பரிசோதனைக்குப் போகலாமா என்பதை ரத்தத்தைவிடப் பிள்ளையின் வரலாறுதான் தீர்மானிக்கும். இந்தக் கேள்விகளை நீங்களே கேட்டுப் பாருங்கள். நிமோனியா திரும்பத் திரும்ப வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறீர்களா? ஆழமான சீழ்க்கட்டிகள் வந்தனவா? குழந்தைப் பருவம் தாண்டியும் வாயில் வெள்ளை படர்ந்ததா? எடையும் உயரமும் ஏறாமல் நின்றுவிட்டனவா? அவனுடைய அம்மாவின் அண்ணன் தம்பிகளிலோ அம்மாவழிப் பாட்டியின் சகோதரர்களிலோ யாராவது ஆண் குழந்தையாக இருந்தபோதே தொற்றில் இறந்திருக்கிறார்களா? சொந்தத்தில், மாமன் மகன், அத்தை மகள் என்ற முறையில் திருமணம் செய்தவர்களா நீங்கள்? கடைசிக் கேள்வி யாரையும் குற்றஞ்சாட்டுவதற்கல்ல. பிறவியிலேயே வரும் எதிர்ப்புச் சக்திக் குறைகளில் பல, தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு வந்தால்தான் வெளிப்படும். சொந்தத்துக்குள் கட்டும்போது அதற்கு வாய்ப்பு கூடுகிறது. இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அடுத்த கட்டப் பரிசோதனை தேவைப்படலாம். எல்லாவற்றுக்கும் இல்லை என்றால், ஒரே ஒரு தடவை வந்த இந்த நோயை வைத்து எதிர்ப்புச் சக்தி இல்லை என்று சொல்ல முடியாது. அண்மையில் இளைப்புக்கு ஸ்டீராய்டு மாத்திரையோ சிரப்போ கொடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

"மறுபடி வருமா?" உதட்டுக் கொப்புளமாக எப்போதாவது வரலாம். உணவுக்குழாயில் இதேபோல் மறுபடி வருவது ஆரோக்கியமான பிள்ளைகளில் வழக்கமில்லை. வந்தால் அப்போது எதிர்ப்புச் சக்தியைப் பற்றி ஆழமாகப் பார்க்க வேண்டும்.

இனி அந்தக் கடைசி வரி. மெதுவாகச் சாப்பிடுவான், ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் கேட்பான். அதோடு கரப்பான், இளைப்பு, ஆண் பிள்ளை. நீங்கள் எல்லோரும் அவனுடைய ரத்தத்தைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். நான் அவனுடைய உணவுக்குழாயைப் பற்றி யோசிக்கிறேன்.

ஈஸ்னோபீலியா என்று இருமலுக்கு ரத்தம் பார்த்துச் சொல்வார்களே, அந்த ஈஸ்னோபில் என்ற வெள்ளை அணு ஒவ்வாமைக்காரர்களில் சிலருக்கு உணவுக்குழாயின் சுவரில் போய்க் குவியும். வழக்கமாக அங்கே அந்த அணுவுக்கு இடமே இல்லை. நுண்ணோக்கியில் நன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கும்போது ஒரு பார்வை வட்டத்துக்குள் 15 அல்லது அதற்கு மேல் எண்ண முடிந்து, வேறு காரணமும் இல்லையென்றால் இதை ஈஸ்னோபில் உணவுக்குழாய் அழற்சி என்பார்கள். தனி நோயாக இதை மருத்துவ உலகம் அடையாளம் கண்டது 1990களில்தான். பையன்களுக்கு அதிகம். கரப்பான், ஆஸ்துமா, மூக்கு ஒவ்வாமை உள்ள வீடுகளில் அதிகம். சின்னக் குழந்தை என்றால் சாப்பிட மறுக்கும், வாந்தி எடுக்கும். வளர்ந்த பிள்ளைக்கு உணவு நெஞ்சில் அடைக்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் உங்கள் மகன் வயதில் பிள்ளைகள் புகாரே சொல்வதில்லை. தங்களையே பழக்கிக்கொண்டுவிடுகிறார்கள். நன்றாக மெல்லுவார்கள், தண்ணீர் விட்டுத் தள்ளுவார்கள், சப்பாத்தியையும் கறியையும் ஒதுக்கிவிட்டு ரசம் சாதமாகப் பிசைந்து கேட்பார்கள். வீட்டில் அவர்களுக்கு மந்தமான பிள்ளை, செல்லம் கொண்டாடும் பிள்ளை என்று பெயர்.

ஆரோக்கியமாக இருந்து திடீரென்று உணவுக்குழாயில் ஹெர்பீஸ் வந்த பிள்ளைகளைக் கொஞ்ச காலம் கழித்துப் பார்த்தபோது, அவர்களில் கவனிக்கத்தக்க எண்ணிக்கையினருக்கு இந்த அழற்சி இருந்தது தெரியவந்திருக்கிறது. எது முதல் என்பதில் இரண்டு கருத்து உண்டு. அழற்சியால் உள்தோல் ஏற்கெனவே இளகி விரிசல் விட்டிருக்கிறது, வைரஸ் அதன்வழி சுலபமாக நுழைந்தது என்பது ஒன்று. வைரஸ் தோலைக் கிழித்துப்போட்டதால் உணவுப் பொருள்கள் சுவருக்குள் புகுந்து ஒவ்வாமையைக் கிளப்பிவிட்டன என்பது மற்றொன்று. உங்கள் மகன் இந்த வைரஸ் வருவதற்குப் பல ஆண்டு முன்பே தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தான் என்பதால், அவன் விஷயத்தில் முதல் கருத்தே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இருந்தே தீரும் என்று சொல்லவில்லை. ஹெர்பீஸ் வந்துபோன பிள்ளைகள் பலருக்கு இது இல்லவே இல்லை. ஆனால் பார்க்காமல் விட்டுவிடுகிற சூழ்நிலை இது இல்லை. கவனிக்காமல் ஆண்டுக்கணக்கில் போனால் உணவுக்குழாய் கெட்டியாகி, குறுகி, ஒரு நாள் விருந்தில் கறித்துண்டு நெஞ்சில் சிக்கி அவசரப் பிரிவுக்குப் போகிற நிலை வரும்.

இப்போது எடுத்த துணுக்கிலேயே ஈஸ்னோபில் இருந்ததா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தாலும் அதை வைத்து முடிவு சொல்லக் கூடாது. கடும் புண் இருக்கும்போது எல்லா வெள்ளை அணுக்களும் அங்கே கூடும், ஈஸ்னோபிலும் வரும். புண் முழுக்க ஆறி, சுமார் 2, 3 மாதம் கழித்து மறுபடி ஒருமுறை எண்டோஸ்கோப்பி செய்து பார்ப்பதே சரி.

ஒமிப்ரசோல் பற்றிச் சொல்கிறேன் என்றேன். அமிலத்தைக் குறைக்கும் இந்த மருந்து, ஈஸ்னோபில் அழற்சி உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு அந்த அழற்சியையும் ஆற்றிவிடும். அவன் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது எண்டோஸ்கோப்பி செய்தால், நோய் இருந்தும் துணுக்கு சுத்தமாக வரலாம். எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், புண் ஆறும் காலத்தில் அது வேண்டும். அதேபோல, பால்தான் இந்த அழற்சியை அதிகம் கிளப்பும் உணவு என்று எங்காவது வாசித்துவிட்டுப் பால், தயிர், நெய் எல்லாவற்றையும் இப்போதே நிறுத்திவிடாதீர்கள். முதலில் நோய் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். இருந்தால் மருந்தா, ஸ்டீராய்டை விழுங்க வைக்கும் முறையா, உணவு விலக்கா என்று தேர்ந்தெடுக்க நேரம் இருக்கிறது. வளரும் பிள்ளையின் தட்டிலிருந்து பாலை எடுப்பது சின்ன விஷயமல்ல, தயிர்சாதத்தை நம்பியிருக்கும் நம் வீடுகளில் இன்னும் கஷ்டம்.

கரப்பான் இருந்த பிள்ளை என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். காய்ச்சலோடு கரப்பான் இடத்தில் திடீரென்று ஒரே அளவுக் கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பி, உடைந்து, வலித்தால் அதே வைரஸ் தோலில் பரவுகிறது என்று பொருள். அன்றே காட்ட வேண்டும், காவி பூசி அக்கி எழுதிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. கண் சிவந்து வலித்தாலும் அப்படியே, கண் மருத்துவரிடம். வீட்டில் பச்சைக்குழந்தை இருந்தால், உதட்டில் கொப்புளம் உள்ள எவரும், பெரியவரோ சிறியவரோ, அது காயும்வரை முத்தம் கொடுக்கக் கூடாது. பிறந்த முதல் சில வாரங்களில் இந்த வைரஸ் மூளைவரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம். உங்கள் மகனைப் பொறுத்தவரை, நன்றாகச் சாப்பிடத் தொடங்கி, காய்ச்சல் விட்டு, வாயிலும் உதட்டிலும் புண் இல்லையென்றால் பள்ளிக்கு அனுப்பலாம். தனித் தண்ணீர் பாட்டில் கொடுத்தனுப்புங்கள்.

அடுத்த தடவை மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முன், அவன் தேறி வழக்கம்போல் சாப்பிடத் தொடங்கிய பிறகு, ஒரு வாரம் அவன் சாப்பிடும்போது பக்கத்தில் உட்காருங்கள். அவனுக்குத் தெரியாமல் கவனியுங்கள். ஒரு தோசைக்கு எத்தனை நிமிஷம், எத்தனை மிடறு தண்ணீர், எதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறான், எப்போதாவது மெல்லுவதை நிறுத்திவிட்டு உணவு இறங்கட்டும் என்று அசையாமல் உட்கார்ந்திருக்கிறானா. தேதி போட்டு எழுதி எடுத்துப் போங்கள். எந்த ரத்தப் பரிசோதனையிலும் கிடைக்காத தகவல் அதில் இருக்கும். இரண்டாவது எண்டோஸ்கோப்பி என்று முடிவானால், உள்ளே பார்வைக்கு எல்லாம் சரியாக இருந்தாலும் துணுக்கு எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரே இடத்தில் ஒன்று போதாது. இந்த அணுக்கள் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும், அதனால் மேலும் கீழுமாகக் குறைந்தது 6 துணுக்காவது எடுக்க வேண்டும்.